காபிக்கு முன்னா, பின்னா? மாத்திரையும் நம் சாப்பாடும்

கேள்வி: கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர். 2024 அக்டோபர் 14

அம்மாவுக்கு 58 வயது. தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம், பல வருஷமாக விடாமல் போடுகிறார். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். ஒவ்வொரு தடவையும் கூடுதலாகவே வருகிறது (அது கூடினால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தமாம்). இந்த முறை டாக்டர் 100 ஆக்கிவிட்டார். அம்மா விடிகாலையில் எழுந்ததும் முதல் காபியோடுதான் மாத்திரையைப் போடுவார். "வெறும் வயிற்றில்தானே போடுகிறேன், காபி என்ன சாப்பாடா?" என்கிறார். காபி கணக்கில் வருமா? பத்தியம் எல்லாம் நாட்டு மருந்துக்குத்தான், இங்கிலீஷ் மருந்துக்குக் கிடையாது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

அக்டோபர் 14, இரவு

காபி கணக்கில் வரும். அதுவும் நம் ஊர்க் காபி, கெட்டி டிகாக்‌ஷனும் பாலும் சேர்ந்தது, இரண்டு பக்கமும் இடிக்கும். தைராய்டு மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதைக் காபியே குறைக்கும். இத்தாலியில் 2008-ல் இதைப் பார்த்து எழுதினார்கள். அங்கே குடிப்பது பால் இல்லாத கறுப்புக் காபி. நாம் அதில் பாலையும் சேர்க்கிறோம். பாலில் இருக்கும் கால்சியமும் இந்த மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், அதோடு மாத்திரை. அப்புறம் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். "ஒரு மணி நேரம் காபி இல்லாமலா?" என்று முகம் சுருங்காத அம்மாக்களை நான் பார்த்ததில்லை. அவர்களிடம் சொல்வது இதுதான்: மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளிக்கப் போங்கள். கோலம் போட்டு, பால் வாங்கிக் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் முக்கால் மணி ஓடிவிடும். மாத்திரையை அடுப்படியில் வைக்காமல் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு வையுங்கள்.

அது முடியவே முடியாது என்றால் இரவு படுக்கும்போது போடலாம், கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அக்டோபர் 15, காலை

ராத்திரி எழுதியதோடு இதையும் கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டும். அம்மாவுக்கு 100 ஆக்கியது காபியோடு போட்ட காலத்தின் அளவை வைத்து. நாளையிலிருந்து தண்ணீரோடு போட ஆரம்பித்தால் அதே 100 அதிகமாகப் போகலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் அதுவாக இருக்கும். டாக்டரிடம் "இதுவரை காபியோடு போட்டேன், இப்போது மாற்றிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பார்க்க வேண்டும். நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்காதீர்கள்.

அக்டோபர் 17

திருவையாறு பக்கத்து நண்பர் ஒருவர், "காபியே குடிக்காத என் பாட்டிக்கும் டி.எஸ்.எச். இறங்கவில்லையே" என்று கேட்டிருக்கிறார். பாட்டி வெற்றிலை போடுவாரா என்று கேட்டேன். போடுவாராம், எழுந்து வாய் கொப்பளித்ததும் முதல் வேலையே அதுதானாம்.

வெற்றிலையை விட எனக்குச் சுண்ணாம்பு மேல்தான் கண். சுண்ணாம்பும் கால்சியம். தைராய்டு மாத்திரையோடு கால்சியம் மாத்திரையோ இரும்பு மாத்திரையோ போடுவதானால் நான்கு மணி நேரம் தள்ள வேண்டும் என்பது எல்லா டாக்டரும் ஒப்புக்கொண்ட கணக்கு. தடவும் சுண்ணாம்பு கொஞ்சம்தான் என்றாலும், மாத்திரை போட்ட கையோடு முதல் தாம்பூலம் வேண்டாம். காலைப் பலகாரத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளட்டும்.

சுண்ணாம்பு என்றதும் பற்பங்கள் நினைவுக்கு வருகின்றன. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் இரண்டிலும் பெரும்பகுதி கால்சியம்தான். அயச் செந்தூரம் இரும்பு. சித்த மருத்துவரிடம் இவற்றை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அலோபதி டாக்டரிடம் அதைச் சொல்வதே இல்லை. "அது மருந்தில்லை தம்பி, உடம்புக்கு நல்லது" என்பார்கள். உடம்புக்கு நல்லதாகவே இருக்கட்டும். தைராய்டு மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக்கையும் வயிற்றிலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டு வைத்தியரிடமும் இரண்டையும் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

அக்டோபர் 20

இதை நிதானமாக எழுத வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தேன். கீரை விஷயம்.

என் பெரியம்மா திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்கிறார். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, பிற்பாடு உலோக வால்வு வைத்தார்கள். வால்வில் ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை, ஆயுள் முழுக்க. ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது ஒரே வரியில் "கீரை கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொல்லையில் இரண்டு முருங்கை நிற்கிற வீடு. பெரியம்மா ஒரு இலை தொடவில்லை. கொத்தமல்லியைக் கூட ரசத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார்.

அந்தக் கீரையில்லாத சாப்பாட்டுக்குத் தக்கபடி மாத்திரை அளவு அமைந்தது. அப்புறம் மகள் வீட்டுக்குப் போய்த் தங்கினார். "பயப்படாதே அம்மா, ரத்தமே இல்லாமல் வெளுத்துப் போயிருக்கிறாய்" என்று அங்கே தினமும் முருங்கைக்கீரை, ஒரு நாள் பொரியல், ஒரு நாள் அடை. திரும்பி வந்து, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்த்தால் 1.5. உலோக வால்வு வைத்தவர்களுக்கு, எந்த வால்வு என்பதைப் பொறுத்து, 2-க்கும் 3.5-க்கும் நடுவில் வைக்கச் சொல்வார்கள். அதற்குக் கீழே போனால் வால்வில் கட்டி உறையும், மேலே போனால் ஈறிலும் மூக்கிலும் கசியும், மூளையிலும் கசியலாம்.

கீரையில் இருக்கும் வைட்டமின் கே-யைக் கொண்டுதான் கல்லீரல் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைச் செய்கிறது. வார்ஃபரினும், அதே வகை மருந்தான அசிட்ரோமும் அந்த வேலையைத் தடுக்கின்றன. கீரை ஏறினால் மருந்தின் பிடி தளரும். கீரை திடீரென்று நின்றால் அதே மருந்து அதிகப்படியாகும். பலர் நினைப்பதுபோல ஒரு பக்க ஆபத்து இல்லை. வழக்கமாகக் கீரை சாப்பிட்டவர் பயந்து நிறுத்தினாலும் ரத்தம் கசியும்.

பெரியம்மாவுக்கு நல்ல காலம், அடுத்துப் பார்த்த இதய டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து பேசினார். வாரத்தில் இரண்டு நாள், ஒரு சின்னக் கிண்ணம், எல்லா வாரமும் அதே அளவு. அதற்குத் தக்கபடி மாத்திரையை அமைத்துக்கொள்ளலாம் என்றார். இப்போது புதனும் சனியும் கீரை. ஐ.என்.ஆர். சீராக நிற்கிறது. முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது.

நான் இத்தனை வருஷம் கல்லாவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டது இதைத்தான். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையே பெரும்பாலும் தேவைப்படுவது விலக்கு இல்லை. ஒன்று, நேர இடைவெளி. இல்லாவிட்டால், மாறாத அளவு. "கூடாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பினால் நோயாளி ஒன்று பட்டினி கிடப்பார், இல்லை ஒளித்துச் சாப்பிடுவார். எதற்காக, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று சொன்னால் எங்கள் பக்கத்துக் கிழவிகள் எந்தக் கணக்கையும் பிசகாமல் வைத்துக்கொள்வார்கள். ஏகாதசியையும் பிரதோஷத்தையும் காலண்டர் பார்க்காமல் சொல்கிறவர்கள் அவர்கள்.

அக்டோபர் 21

"வார்ஃபரின் எலி மருந்தாமே?" என்று ஒருவர் பதறியிருக்கிறார். உண்மைதான். அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிப் போன விஸ்கான்சின் ஆராய்ச்சியில் பிறந்தது. 1948-ல் எலி மருந்தாக வந்து, 1954-ல் மனிதருக்கு மருந்தானது. நம் வயல் வரப்பில் எலிக்கு வைக்கும் புரோமடியோலோனும் இதே குடும்பம். அதற்காக மாத்திரையை நிறுத்தினால் வால்வுதான் போகும். அளவு பார்த்துக் கொடுக்கத்தானே ஐ.என்.ஆர். இருக்கிறது.

அக்டோபர் 27

தீபாவளி லேகியம் கிண்டும் வாரம். கடையில் சுக்கும் திப்பிலியும் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் (பக்கத்து நாட்டு மருந்துக்கடைக்குப் போகச் சொல்கிறேன்). நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டை, பண்டிகை நாளில், யாருக்கும் ஒன்றும் ஆகாது. கிண்டிய லேகியத்தை ஜாடியில் வைத்துக் கார்த்திகை வரைக்கும் தினம் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

மிளகிலும் திப்பிலியிலும் இருக்கும் பைப்பரின், கல்லீரலும் குடலும் மருந்தைச் சிதைக்கிற வேகத்தைக் குறைக்கும். மஞ்சளின் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் பல மடங்கு ஏறியதை 1998-ல் பெங்களூரில் காட்டினார்கள். வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின், படபடப்புக்கும் பிரஷருக்கும் போடும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவையும் பைப்பரினால் ஏறுகின்றன. ஃபெனிடாயினில் சரியான அளவுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. தள்ளாட்டம், கண் ஆட்டம் வந்துவிடும். வலிப்பு மாத்திரை போடுகிறவர்கள் லேகிய ஜாடியைத் தள்ளி வையுங்கள். தினப்படி ரசத்துக்கு இந்தப் பயம் வேண்டாம். அது என்றும் உள்ள சாப்பாடு, டாக்டர் அளவு வைத்ததே அதோடு சேர்த்துத்தான்.

சில வீட்டு லேகியத்தில் அதிமதுரமும் சேரும். தொண்டைக்கு இதமாக இருக்கும் அந்த வேரைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கிப் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையும் டிகாக்சின் என்ற இதய மாத்திரையும் போடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் இறங்குவது இதயத் துடிப்பையே குழப்பும். இருமலுக்கு இரண்டு நாள் வாயில் அடக்கிக்கொள்வது வேறு, வாரக்கணக்கில் கஷாயம் வைப்பது வேறு.

நவம்பர் 1

சுருக்கமாக, மாசமாக இருக்கும் பெண்களுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்தால் இரண்டையும் ஒரே வாயில் போடாதீர்கள், கால்சியம் இரும்பை உள்ளே விடாது. கால்சியம் சாப்பாட்டோடு. இரும்பு இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடு போட்டால் நன்றாக ஏறும். டீ, காபி அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இரும்பினால்தான், பயந்து நிறுத்த வேண்டாம்.

நவம்பர் 3

நேற்று கந்த சஷ்டி விரதம் ஆரம்பித்துவிட்டது. சுவாமிமலைக்குப் போகிற கூட்டத்தில் சுகர் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே எனக்குக் கவலை. ஆறு நாளும் பால் பழம் மட்டும், சிலர் மிளகை எண்ணிச் சாப்பிட்டு இருக்கிறார்கள்.

எல்லாச் சுகர் மாத்திரையும் ஒன்றில்லை. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் போடவைப்பது அரிது. கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு மாதிரியானவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. காலையில் அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வரிசையில் நின்றால் வியர்வை, நடுக்கம், கண் இருட்டல், அப்புறம் விழுவதுதான். நாகூர் பக்கம் ரமலான் நோன்பு இருக்கிறவர்கள் நோன்புக்கு முன்னாலேயே டாக்டரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்கிறார்கள். சஷ்டிக்கும் ஏகாதசிக்கும் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். விரதம் இருக்கக் கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்ல மாட்டார்கள். மாத்திரையைக் குறைத்தோ நேரம் மாற்றியோ தருவார்கள்.

இன்னொன்று, இதை முக்கியமாகப் படியுங்கள். சீட்டில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் சேர்ந்திருந்தால், சர்க்கரை தாழ்ந்தபோது வாயில் போடும் சீனியும் மிட்டாயும் உடனே வேலை செய்யாது. சீனியை உடைக்கிற நொதியைத்தான் அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும், மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கரைத்து. சட்டைப்பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு தைரியமாகத் திரிகிற பெரியவர்கள் பலருடைய சீட்டில் இந்தக் கலவை மாத்திரை இருக்கிறது. உங்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நவம்பர் 3, இரவு

பாகற்காய்ச் சாறு பற்றிக் கேட்டவருக்கு: பாகற்காய் பொரியல் பிரச்சினை இல்லை. கிளிமிபிரைடும் போட்டு, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறும் குடித்தால் இரண்டும் சேர்ந்து தாழ்த்தும். விரத நாளில் வேண்டவே வேண்டாம்.

நவம்பர் 9

கீரைப் பதிவில் இடைவெளி, அல்லது மாறாத அளவு என்று எழுதியிருந்தேன். இரண்டுக்கும் அடங்காதது ஒன்று உண்டு. பம்பளிமாஸ்.

1989-ல் கனடாவின் ஒன்டாரியோவில், பிரஷர் மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தவர்கள், மதுவின் சுவை தெரியாமல் இருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ஃபெலோடிபின் என்ற அந்த மருந்து ரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறியது. காரணம் மது இல்லை, பழச்சாறு. குடல் சுவரில் மருந்தின் ஒரு பகுதியைச் சிதைத்து வைக்கும் நொதியை அந்தச் சாறு முடக்கிவிடுகிறது. உடம்பு புதிதாக நொதி செய்துகொள்ளும் வரை, ஒரு நாளுக்கு மேலேயே, அந்த விளைவு நிற்கும். அதனால் காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று தள்ளிப் போட்டாலும் தப்ப முடியாது.

கிரேப்ஃப்ரூட் நம் பக்கம் அபூர்வம். அதன் தாய்ப்பழமான பம்பளிமாஸ் சில வீட்டுக் கொல்லையில் காய்க்கிறது, அதிலும் அந்தப் பொருள்கள் உண்டு. கொழுப்புக்குப் போடும் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின், சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இருந்தால் அந்தப் பழம் வேண்டாம். இதற்கு மட்டும் நானும் "கூடாது" என்றுதான் சொல்வேன். சாத்துக்குடிக்கும் கமலாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தும்மல், அரிப்புக்குப் போடும் ஃபெக்ஸோஃபெனடினை எந்தப் பழச்சாற்றோடும் போடாதீர்கள், தண்ணீர்தான். அங்கே சாறு மருந்தை உள்ளே விடாமல் குறைத்துவிடும்.

நவம்பர் 16

கஜா புயல் அடித்து இன்றோடு ஆறு வருஷம். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் விழுந்த தென்னைக்குப் பதில் வைத்த கன்றுகள் சில இடத்தில் காய்ப்புக்கு வந்துவிட்டன என்று கடைக்கு வரும் விவசாயிகள் சொல்கிறார்கள். கேட்கவே நிறைவாக இருக்கிறது. இளநீர் பற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்றுதான் கொஞ்சம் சங்கடம்.

இளநீரில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது வெளியே போய்விடும். டெல்மிசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரையும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தும். சிறுநீரகம் தளர்ந்து, இந்த மாத்திரைகளும் போட்டு, "குளிர்ச்சி" என்று தினம் இரண்டு மூன்று இளநீரும் குடித்தால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் போடுகிறார்கள். அதை வாங்கி வீட்டில் எல்லோருக்கும் சமைத்துவிடுகிறார்கள். கிட்னி நோயாளி இருக்கிற வீட்டில் சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள்.

நவம்பர் 24

மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: அப்பாவுக்கு நடுக்குவாதம், லெவோடோபா மாத்திரை மத்தியானம் மட்டும் வேலை செய்யவில்லையாம். மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டேன். பருப்பு, மீன் குழம்பு, தயிர், சாப்பாட்டோடு சேர்த்தே மாத்திரை. புரதம் உடையும்போது வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வழியில் முட்டி மோதி உள்ளே நுழைகின்றன. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாத்திரை, புரதம் அதிகமான சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றுவது, இரண்டையும் நரம்பியல் டாக்டரிடம் கேட்டுச் செய்யலாம். மீனையே நிறுத்தி அவரை மெலியவைக்க வேண்டாம்.

நவம்பர் 29

மழை விடவில்லை. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் வெட்ட எல்லோரும் சேற்றில்தான் இருக்கிறார்கள். எலிக்காய்ச்சலுக்கு டாக்டர் எழுதும் டாக்ஸிசைக்ளின் இனி அதிகம் போகும். அதனால் இதை உடனே எழுதுகிறேன்.

பால், தயிர், மோர், கால்சியம், இரும்பு, ஜெலுசில் மாதிரி வயிற்றெரிச்சல் மருந்து எதுவும் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். கஞ்சியிலோ பழைய சோற்றிலோ மோர் ஊற்றித்தான் வயலுக்குப் போகிறீர்கள் என்றால், அன்றைக்கு மோர் இல்லாமல் வெங்காயம், ஊறுகாயோடு சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும். ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது. தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். மழை விட்டு வெயில் அடித்தால் இந்த மாத்திரையால் தோல் சீக்கிரம் சிவந்து எரியும். முழுக்கைச் சட்டையும் தலைத் துண்டும் வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் இதைக் கொடுக்கவே கூடாது.

சிப்ரோஃப்ளாக்ஸசின் எழுதினாலும் பால், தயிருக்கு இதே விதிதான். கூடவே அது காபியில் இருக்கும் கஃபீன் உடம்பை விட்டுப் போவதையும் தாமதப்படுத்தும். மாத்திரை முடியும் வரை இரண்டாவது டபராவைத் தவிர்த்தால் படபடப்பு இருக்காது. கடை நாளை மத்தியானம் வரைதான். சீட்டில் சந்தேகம் இருக்கிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள்.